ஆடியோ கேபிளை 'ஓட்டிப் பழக்க' வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது ஸ்பீக்கர் கேபிளோ, சிடி பிளேயர் போன்ற கருவியை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் ஆர்சிஏ கேபிளோ வாங்கினால், சில பெட்டிகளுக்குள் ஒரு சின்னச் சீட்டு கிடக்கும். முழுத் தரமும் வெளிப்பட 100 மணி நேரமோ 200 மணி நேரமோ பாட்டு ஓடவிடச் சொல்லும் சீட்டு அது. இதைத்தான் பிரேக்-இன் என்கிறார்கள், சிலர் பர்ன்-இன் என்பார்கள். இது பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், கேபிளுக்கு பிரேக்-இன் தேவையா?

தேவையில்லை. மாட்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியேதான் 200 மணி நேரம் கழித்தும் இருக்கும். ஆனால் அந்த 200 மணி நேரத்தில் வேறு சில விஷயங்கள் உண்மையிலேயே மாறுகின்றன. குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

தேவை என்பவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் மூன்று. கம்பியை இழுத்து மெலிதாக்கும்போது செம்பின் படிக அமைப்பு குலைந்துவிடுகிறது, மின்சாரம் ஓட ஓட அது சீராகிறது என்பது ஒன்று. எலக்ட்ரான்கள் போகப் போகத் தங்களுக்கு ஒரு தடம் போட்டுக்கொள்கின்றன என்பது இன்னொன்று. கம்பியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, நாளாக நாளாக அது 'அடங்கி' விடுகிறது என்பது மூன்றாவது. முதல் இரண்டும் கேட்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது.

செம்பின் படிகம் சீராவது உண்மையா?

கம்பியை அச்சில் இழுக்கும்போது செம்பு இறுகிப்போவது உண்மை. அதைத் தளர்த்தத் தொழிற்சாலையிலேயே சூடுகாட்டிப் பதப்படுத்துகிறார்கள். அதற்கு 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். உங்கள் ஆர்சிஏ கேபிளில் என்ன ஓடுகிறது? சிடி பிளேயர் அதிகபட்சமாக 2 வோல்ட் தரும். எதிர்முனையில் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுத் தடை 10,000 ஓம் என்று வையுங்கள். ஓடுவது 0.2 மில்லிஆம்பியர். ஆம்ப்ளிஃபயரைப் போய்ச் சேரும் மொத்தத் திறனே ஒரு வாட்டில் ஆயிரத்தில் பாதிகூட இல்லை, அதிலும் கம்பிக்குள் சூடாக மாறுவது துளியிலும் துளி. கம்பியை நீங்கள் கையில் பிடித்தால் உங்கள் உள்ளங்கைச் சூடு அதைவிடப் பல மடங்கு அதிக வேலை செய்யும்.

எலக்ட்ரான் தடம் போடும் கதை இன்னும் வேடிக்கை. ஆடியோ என்பது மாறுதிசை மின்சாரம், முன்னும் பின்னும் அசையுமே தவிர எங்கேயும் போய்ச் சேராது. 2.5 சதுர மில்லிமீட்டர் ஸ்பீக்கர் ஒயரில், 1000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் நகரும் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு தலைமுடித் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வருகிறது. நின்ற இடத்தில் நெளிவதால் தடம் விழாது.

பிளாஸ்டிக் உறை மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் என்கிறார்களே?

பிடித்து வைக்கும். இது மின்தேக்கி செய்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். பிவிசியில் அதிகம், பாலித்தீனிலும் டெஃப்லானிலும் மிகக் குறைவு. ஆனால் இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, பாட்டின் சிக்னல் நேர்மறைக்கும் எதிர்மறைக்கும் மாறி மாறிப் போகிறது, சராசரி சுழியம். 200 மணி நேரம் ஓடவிட்டாலும் உறைக்குள் ஒரு பக்கமாகச் சேர்ந்து தங்க எதுவும் இல்லை. இது தெரிந்துதானோ என்னவோ, உறைக்கு எப்போதும் ஒரே திசையில் வோல்டேஜ் இருக்கட்டும் என்று பேட்டரி வைத்துக் கட்டிய கேபிள்களும் விற்பனைக்கு வந்தன.

இரண்டாவது, அளவு. ஒரு மீட்டர் ஆர்சிஏ கேபிளின் மின்தேக்குத் திறன் சுமார் 100 பிகோஃபாரட். அதை ஓட்டும் கருவியின் வெளியீட்டுத் தடை 1000 ஓம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சத்தம் குறைய ஆரம்பிக்கும் இடம் 16 லட்சம் ஹெர்ட்ஸ். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது, நடுவயது தாண்டியவர்களுக்கு அதுவும் இல்லை. பிரேக்-இன் நடந்து அந்த 100 பிகோஃபாரட் 10 சதவீதம் மாறியது என்றே ஒப்புக்கொண்டாலும், 16 லட்சம் சுமார் 14.5 லட்சம் ஆகும். மாறட்டுமே, கேட்க யார் இருக்கிறார்கள்?

அப்படியானால் கம்பி மாறவே மாறாதா?

மாறும். 'ஒயர் ஒயர்தான், எதுவும் மாறாது' என்று அடித்துப் பேசுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அளவீட்டு ஆய்வகங்களில் மற்றவற்றை ஒப்பிட அளவுகோலாக வைத்திருக்கும் 1 ஓம் மின்தடைகள் உண்டு, அவையும் கம்பிச் சுருள்கள்தான். வருடம் போகப் போக அவற்றின் மதிப்பு நகர்கிறது என்று குறித்தே வைத்திருக்கிறார்கள். எவ்வளவு என்றால், நல்ல ஒன்றில் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதைவிடக் குறைவாகவும் இருக்கும்.

வீட்டுக் கேபிளில் இதைவிடப் பெரிய மாற்றம் தினமும் நடக்கிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். காலையில் இருந்ததைவிட மதியம் அறை 10 டிகிரி சூடானால் 4 சதவீதம். மூன்று மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளின் போகவர மொத்தத் தடை 0.042 ஓம். அதில் 4 சதவீதம் ஏறினால், 8 ஓம் ஸ்பீக்கரில் குறையும் சத்தம் 0.002 டெசிபல்கூட இல்லை. வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்குப் புலப்படுவது கிட்டத்தட்ட 1 டெசிபல் மாற்றம். பிரேக்-இன்னைக் காதால் கேட்கிறவர் மதிய வெயிலையும் கேபிளில் கேட்டாக வேண்டும். அப்படிச் சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கண்ணுக்கே தெரியும் மாற்றமும் ஒன்று உண்டு. ஒளி ஊடுருவும் உறை போட்ட ஸ்பீக்கர் ஒயர் சில வருடங்களில் உள்ளுக்குள் பச்சை பிடிக்கும். முனையைச் சீவினால் செம்பு கறுத்துப் பச்சையாக, தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும். வயதாகும் கேபிள் போகிற திசை இதுதான். நடுவில் இருக்கும் பச்சையால் ஒலிக்கு ஒன்றும் ஆகாது. முனையில் இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவிக்கொள்ளுங்கள்.

நான் என் காதால் கேட்டேன். முதல் வாரம் கரகரவென்று இருந்தது, ஒரு மாதத்தில் இனிமையாகிவிட்டது. நான் பொய் சொல்கிறேனா?

இல்லை. நீங்கள் கேட்டது உண்மை. காரணம் என்று நீங்கள் காட்டும் ஆள்தான் தவறு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் தடிமனான ஒரு ஸ்பீக்கர் கேபிள் வாங்கி மாட்டினேன். மாட்டிய நிமிடமே பாஸ், அதாவது அடித்தொனி, நிமிர்ந்து நின்றது, பாடுபவரின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் அந்தக் கேபிளின் பெருமையைப் பேசிக்கொண்டு திரிந்தேன். சில மாதங்கள் கழித்து வேறு வேலைக்காகப் பழைய ஒயரை எடுத்தபோதுதான் கவனித்தேன், இடது பக்கத்து ஒயரின் ஒரு முனையில் சிவப்பு ஸ்லீவும் கறுப்பு ஸ்லீவும் இடம் மாறிப் போட்டிருந்தது. அதாவது அதுவரை ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்திருக்கிறது, பாஸ் ஒன்றையொன்று தின்றிருக்கிறது. புதுக் கேபிள் செய்த ஒரே நல்ல காரியம் சரியாக மாட்டப்பட்டதுதான்.

இந்த மாதிரிக் காரணங்கள் ஏராளம். கேபிள் மாற்றும்போது பழைய பிளக்கைக் கழற்றுகிறோம், அந்த உரசலிலேயே முனையில் படிந்த அழுக்கும் களிம்பும் போய்விடும். ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து வேலை செய்யும்போது ஸ்பீக்கர் நாலு விரல் நகர்ந்துவிடும், கோணம் மாறும். பாஸைப் பொறுத்தவரை அந்த நாலு விரல், எந்தக் கேபிளையும்விடப் பெரிய விஷயம். அப்புறம், புதுப் பொருள் வாங்கிய சந்தோஷத்தில் வால்யூமை இரண்டு புள்ளி கூட்டி வைப்போம். சத்தம் லேசாகக் கூடினால் மூளை அதை 'சத்தம் கூடியது' என்று சொல்லாது, 'தெளிவு கூடியது' என்றுதான் சொல்லும்.

இதெல்லாம் முதல் நாள் கதை. ஒரு மாதத்தில் வரும் இனிமைக்குக் காரணம், பழகுவது நாம் என்பதே. புதுக் கண்ணாடி போட்ட முதல் நாள் தரை வளைந்து தெரியும், நாலாம் நாள் சரியாகிவிடும். அதற்காகக் கண்ணாடி பிரேக்-இன் ஆகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மேலும் ஒலியின் நுணுக்கங்களை அப்படியே வைத்து ஒப்பிடும் நினைவு நமக்குச் சில நொடிகள்தான் நிற்கும். ஒரு மாதத்துக்கு முன் கேட்டதாக நாம் ஒப்பிடுவது, அன்று அது எப்படி இருந்தது என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்ட கதையோடுதான்.

ஸ்பீக்கருக்கும் பிரேக்-இன் கிடையாதா?

அதற்கு உண்டு, அளந்தே காட்டலாம். ஸ்பீக்கர் கூம்பைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் ஸ்பைடர் என்ற நெளிவு வளையமும் ஓரத்து ரப்பரும் அசைய அசையத் தளரும், கூம்பின் இயல்பு அதிர்வெண் சில ஹெர்ட்ஸ் இறங்கும். பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே நடந்து முடியும், மிஞ்சிப் போனால் சில மணி நேரம். பெட்டிக்குள் அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் காற்றே ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்வதால், அந்த வித்தியாசத்திலும் பாதி அமுங்கிப் போகும்.

ஹெட்போனில் காது மெத்தை நசுங்கி முகத்தோடு நன்றாகப் பொருந்த ஆரம்பிக்கும், பாஸ் கூடும். ரெக்கார்டு பிளேயர் ஊசியின் ரப்பர் தளரும். வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடாகச் சில நிமிடங்கள் கேட்கும். வருடக் கணக்கில் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி, மின்சாரம் கொடுத்தால் தன்னைத்தானே கொஞ்சம் சரிசெய்துகொள்ளும். இவற்றில் எல்லாம் அசையும் பாகமோ வெப்பமோ ரசாயனமோ இருக்கிறது. கேபிளில் இவை எதுவும் இல்லை.

புது ஸ்பீக்கரும் புதுக் கேபிளும் ஒரே நாளில் வாங்கினீர்களா? அப்படியானால் பாராட்டு எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தொழிற்சாலைகளில் பர்ன்-இன் செய்கிறார்களே, அது என்ன?

பெயர் ஒன்று, விஷயம் வேறு. எலக்ட்ரானிக் பாகங்கள் பழுதானால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே பழுதாகும், அல்லது வயதாகிப் பழுதாகும். ஆரம்பத்தில் சாகப்போவதைக் கடைக்கு அனுப்பும் முன்பே கண்டுபிடிக்க, சூட்டில் வைத்து ஓடவிடுகிறார்கள். தப்பிப் பிழைத்தது முன்பைவிடச் சிறப்பாகப் பாடும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அந்த 200 மணி நேரம் என்ற எண் எங்கிருந்து வந்தது?

அளந்து கண்டுபிடித்த எண் என்றால் எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். ஒருவர் 24 என்கிறார், ஒருவர் 100, இன்னொருவர் 400. நாளுக்கு 2 மணி நேரம் பாட்டுக் கேட்பவருக்கு 200 மணி நேரம் முடிய 100 நாள் ஆகும். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு அதற்குள் எப்போதோ முடிந்திருக்கும். இதைத் திட்டமிட்டுத்தான் செய்கிறார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் விற்பவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரேக்-இன் எப்போதும் நல்ல திசையில்தான் போகிறது. '50 மணி நேரத்தில் அருமையாக இருந்தது, 150 தாண்டியதும் கெட்டுவிட்டது, புதிதாக ஒன்று அனுப்புங்கள்' என்று ஒருவரும் கேட்பதில்லை. இயற்கையில் நடக்கும் மாற்றம் எதுவும் நம் ரசனை பார்த்து நடப்பதில்லை.

கேபிளைப் பழக்கும் மெஷின், பழக்குவதற்கென்றே பதிவு செய்த பர்ன்-இன் டிராக் எல்லாம் வாங்கலாமா?

வேண்டாம். அந்த டிராக்கை ஓடவிட்டே தீருவேன் என்றால் ஸ்பீக்கர் பாவம், சத்தத்தையாவது குறைத்து வையுங்கள்.

கேபிளில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். மாற்றி மாட்டினால் பழக்கியது வீணாகுமா?

வீணாக எதுவும் இல்லை. ஆனால் எல்லா அம்புக்குறியும் கதை என்று தள்ளிவிடவும் வேண்டாம். சில ஆர்சிஏ கேபிள்களில் வெளிச்சுற்று உறைக்கம்பியை ஒரு முனையில் மட்டும் இணைத்திருப்பார்கள், அந்த முனை எந்தப் பக்கம் என்று காட்டத்தான் அம்பு. இரைச்சல் தொந்தரவு இருக்கும் இடத்தில் அதற்கு அர்த்தம் உண்டு. ஸ்பீக்கர் ஒயரில் அம்பு இருந்தால் அது வெறும் அலங்காரம்.

அப்படியானால் எந்தக் கேபிளானாலும் ஒன்றுதானா?

இல்லவே இல்லை. 10 மீட்டர் தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டால் போகவர அரை ஓம் அளவுக்குத் தடை வரும். 4 ஓம் ஸ்பீக்கரில் கிட்டத்தட்ட 1 டெசிபல் போய்விடும். ஸ்பீக்கரின் தடை அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும் என்பதால் தொனியும் லேசாக மாறும். தடிமனான ஒயரைப் போட்டால் தீர்ந்தது.

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவருக்குக் கேபிள் நீளம் ஒலியின் ஒரு பகுதியே. 3 மீட்டருக்குப் பதில் 9 மீட்டர் போட்டால் மின்தேக்குத் திறன் மூன்று மடங்காகி, உச்ச ஸ்தாயியின் மினுமினுப்பு மங்கும். ரெக்கார்டு பிளேயரில், ஊசியின் அசைவைச் சிக்னலாக மாற்றும் கார்ட்ரிட்ஜ் மூவிங் மேக்னட் வகையாக இருந்தால் அதற்கும் இதே கதைதான். இந்த வித்தியாசங்கள் எல்லாம் முதல் நொடியிலேயே இருக்கும், கருவியில் தெரியும், கண்ணை மூடினாலும் கேட்கும்.

எச்டிஎம்ஐ, யூஎஸ்பி, ஆப்டிகல் கேபிள்களுக்கு?

அவற்றில் போவது எண்கள். சரியாகப் போய்ச் சேரும், அல்லது படம் சிதறும், சத்தம் விட்டு விட்டு வரும். இனிமையாகப் போய்ச் சேர்வது என்று ஒன்று இல்லை. ஆப்டிகலில் செம்பே கிடையாது.

யாராவது முறையாகச் சோதித்திருக்கிறார்களா?

காதை நம்பிச் சோதிக்க ஒரு நல்ல முறை 1950லேயே வந்துவிட்டது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மன்சனும் கார்ட்னரும் எழுதிய ஏபிஎக்ஸ் முறை அது. ஏ, பி இரண்டையும் கேட்க வைத்துவிட்டு, மூன்றாவதாக வரும் எக்ஸ் இவ்விரண்டில் எது என்று கேட்பார்கள். 1982இல் டேவிட் கிளார்க் இதை ஆடியோ கருவிகளை ஒப்பிடும் பெட்டியாகவே விவரித்து எழுதினார்.

கண் காதை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு, 1994இல் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் செய்த சோதனையைப் பாருங்கள். ஒரே ஸ்பீக்கர்களை முதலில் திரைக்குப் பின்னால் வைத்தும், பிறகு கண்ணெதிரே வைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறின. அதில் அனுபவசாலிகளும் தப்பவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், ஆசைப்பட்டவன் காதுக்கும் அப்படித்தான்.

2007இல் மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி, விலையுயர்ந்த ஒரு ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தார். பேச்சு நீண்டு நீண்டு, கடைசியில் சோதனை நடக்கவே இல்லை.

நானே வீட்டில் சோதிக்க முடியுமா?

தாராளமாக. எனக்குப் பிடித்த வழி இது. ஒரே கேபிளை, ஒரே நீளத்தில், இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒரு ஜோடியைப் பெட்டியோடு அலமாரியில் வைத்துவிடுங்கள். மற்றதை 200 மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு இரண்டுக்கும் ஒரே நிறத் துணியைச் சுற்றி, எது எது என்று நண்பர் ஒருவர் மட்டும் உள்பக்கம் குறித்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு முறையும் அவர் காசு சுண்டி எதை மாட்டுவது என்று முடிவு செய்வார், நீங்கள் அறைக்கு வெளியே நிற்பீர்கள். மாட்டி முடித்து அவர் வெளியே போன பிறகுதான் நீங்கள் உள்ளே வர வேண்டும், ஏனென்றால் முகமும் காட்டிக்கொடுக்கும். வால்யூமைத் தொடக்கூடாது.

16 முறை செய்யுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் கவனிக்க வேண்டிய விஷயம். குருட்டாம்போக்கில் அவ்வளவு வருவதற்கு வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் 25 நண்பர்கள் உட்கார்ந்தால் அதில் ஒருவர் அதிர்ஷ்டத்திலேயே தேறிவிடுவார், அவரை மட்டும் மறுநாளும் கூப்பிட்டுச் சோதியுங்கள்.

நண்பர் கிடைக்கவில்லையா? ரெக்கார்டிங் செய்யும் ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் போதும். அதன் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு முதல் கேபிளை மாட்டி ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள். எதையும் அசைக்காமல் இரண்டாவது கேபிளால் அதே பாட்டைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங் மென்பொருளில் இரண்டையும் நேராக வைத்து, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினால் ஒத்திருப்பது எல்லாம் அழிந்து, வித்தியாசம் மட்டும் மிஞ்சும். நான் செய்தபோது மிஞ்சியது இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சல், அதிலும் வால்யூமை முழுக்கத் திருகினால் கேட்கும் மெல்லிய 'உஸ்'. முதல் கேபிளையே இரண்டு முறை பதிவு செய்து கழித்தாலும் அதே 'உஸ்'தான் வந்தது.

இதை நம்பும் நண்பரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லாதீர்கள். அவர் சந்தோஷமாகப் பாட்டுக் கேட்கிறார். உங்களையும் வாங்கச் சொன்னால் மட்டும் மேலே சொன்ன காசு சுண்டும் விளையாட்டுக்குக் கூப்பிடுங்கள்.

சரி, புதுக் கேபிள் இன்றுதான் வந்தது. என்ன செய்யட்டும்?

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, உறையை 10 மில்லிமீட்டர் சீவி, இழைகளை முறுக்கி, ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடாதபடி மாட்டுங்கள். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. இரண்டு முனையிலும் பாருங்கள், என் கதையை மறக்க வேண்டாம். பிறகு பிடித்த பாட்டைப் போடுங்கள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு முறை பின்னால் குனிந்து திருகுகளை இறுக்குங்கள். வெறும் இழைகளைத் திருகு அழுத்திக்கொண்டே இருப்பதால் மென்மையான செம்பு மெல்ல நசுங்கி இடம் கொடுக்கும், பிடி தளரும். விரலால் கால் சுற்று திரும்பினாலும் திரும்பும்.